எடை மிஷின் பார்க்காத நான்கு வருடம்

ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் காலை ஆறு மணிக்கு நடக்கிற பெண்களுக்குப் பின்னால் பத்து நிமிஷம் நடந்தால் போதும், இந்த வாக்கியம் காதில் விழுந்துவிடும்: "நாப்பது தாண்டினாலே மெட்டபாலிசம் படுத்துடறது. தண்ணி குடிச்சாக்கூட வெயிட் ஏறறது." வாட்ஸ்அப்பில் சுற்றும் வீடியோக்களும் இதையேதான் கலர் கலராய் வரைபடம் போட்டுச் சொல்கின்றன. 2021-க்குப் பிறகு இதற்கு ஒரு எதிர்க்கட்சியும் முளைத்திருக்கிறது. "அதெல்லாம் கட்டுக்கதை. 60 வயசு வரைக்கும் மெட்டபாலிசம் குறையறதே இல்லைன்னு சயின்ஸ் பத்திரிகையிலேயே வந்தாச்சு. நீங்க ஜாஸ்தி சாப்பிடறீங்க, அவ்வளவுதான்."

முதல் கட்சி, விதி என்று கைவிரிக்கிறது. இரண்டாவது கட்சி, குற்றம் உன்னுடையது என்கிறது. இரண்டுக்கும் பின்னால் ஆராய்ச்சிகள் இருப்பதாகச் சொல்வதால் அவற்றை எடுத்துப் படித்துப் பார்த்தேன். நான் டாக்டர் இல்லை. பி.இ. முடித்து இருபது வருஷமாக சாஃப்ட்வேர் எழுதும் ஆள். ஒரு எண் எப்படி அளக்கப்பட்டது, எதால் வகுக்கப்பட்டது, எந்த வரிசை தரவிலேயே இல்லை என்று பார்ப்பது மட்டும் தொழில் பழக்கம். அந்தப் பழக்கத்தோடு படித்ததில், இரண்டு கட்சிகளும் தவறான எண்ணை வைத்துக்கொண்டு சண்டை போடுவதாகத்தான் தோன்றுகிறது.

முதலில் 2021 பேப்பர். ஹெர்மன் பான்ட்ஸர் தலைமையில் சயின்ஸ் இதழில் வந்தது. 29 நாடுகள், 6,400-க்கும் மேற்பட்டவர்கள், பிறந்து எட்டு நாளான குழந்தை முதல் 95 வயது வரை. அளந்த முறை அழகானது. ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். அதில் ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் கொஞ்சம் கனமான வகை, உடம்பில் அடையாளம் காணக்கூடியவை. ஹைட்ரஜன் தண்ணீராக மட்டுமே வெளியேறும். ஆக்ஸிஜன் தண்ணீராகவும் போகும், மூச்சில் கார்பன் டை ஆக்சைடாகவும் போகும். ஒன்றிரண்டு வாரத்துக்குச் சிறுநீரைச் சோதித்து, இரண்டும் குறையும் வேகத்தின் வித்தியாசத்தைப் பார்த்தால், அந்த ஆள் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு விட்டார், அதாவது எவ்வளவு எரித்தார் என்று தெரிந்துவிடும். ஆள் வீட்டில் இருக்கலாம், வேலைக்குப் போகலாம், எதையும் எழுதி வைக்க வேண்டாம். மனிதர்களிடம் "என்ன சாப்பிட்டீங்க" என்று கேட்டு வாங்கும் தரவைவிட ஆயிரம் மடங்கு நம்பலாம்.

முடிவு: 20 முதல் 60 வயது வரை எரிப்பு வீதம் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் நிற்கிறது. 60-க்குப் பிறகு வருடத்துக்கு 0.7 சதவீதம் போல இறங்குகிறது. பெண்களுக்கு 45-லோ 50-லோ தனியாக ஒரு பள்ளம் தெரியவில்லை.

இதுவரைக்கும் எதிர்க்கட்சி சொல்வது சரி. ஆனால் அவர்கள் விட்டுவிடும் ஒரு சொல் இருக்கிறது. இந்த எரிப்பு, கொழுப்பில்லாத எடைக்கு ஏற்பச் சரிசெய்யப்பட்டது. மொத்த எடையில் கொழுப்பைக் கழித்தால் மிஞ்சுவது தசை, எலும்பு, ஈரல், மூளை, தண்ணீர் எல்லாம். இவ்வளவு கொழுப்பில்லாத எடை உள்ளவர் எவ்வளவு எரிப்பார் என்ற எதிர்பார்ப்போடு ஒப்பிட்டுத்தான் அந்தத் தட்டையான கோடு வருகிறது. சாஃப்ட்வேர்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், இது ஒரு சர்வரின் வேகம்; எத்தனை சர்வர் ஓடுகிறது என்பது இதில் வராது. ஒவ்வொரு சர்வரும் அதே வேகத்தில்தான் ஓடுகிறது என்று நிரூபித்துவிட்டு, "ஆகவே மொத்தத் திறன் குறையவில்லை" என்று யாராவது சொன்னால் ஆபீஸில் சிரிப்பார்கள்.

இந்த வகுத்தல் விஷயம் புதிதும் இல்லை, அமெரிக்கச் சரக்கும் இல்லை. நம் பக்கத்திலேயே 1931-ல் ஆரம்பித்தது. அந்த வருடம் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் எலினோர் மேசன், ஃபிரான்சிஸ் பெனடிக்ட் இருவரும் தென்னிந்தியப் பெண்களின் அடிப்படை வளர்சிதை வீதம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். மேசன் சென்னை பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் இருந்தவர். பெனடிக்ட் பாஸ்டனில் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் நடத்தியவர். 1919-ல் வந்த ஹாரிஸ்-பெனடிக்ட் சூத்திரத்தில் இருக்கும் பெனடிக்ட் இவரேதான். அந்தச் சூத்திரம் 136 ஆண்கள், 103 பெண்களை அளந்து உருவானது. அதை அளவுகோலாக வைத்து சென்னைப் பெண்களை அளந்தால், எரிப்பு கணிசமாகக் குறைவாக வந்தது.

ஏன்? இனமா, வெயிலா, சாப்பாடா? இந்தப் பெண்கள் படுத்தால் உடம்பை முழுசாகத் தளர்த்திவிடுகிறார்கள், அதனாலா? 1934-ல் தூக்கத்தில் எரிப்பு எப்படி மாறுகிறது என்று தென்னிந்தியப் பெண்களை முன்வைத்து இன்னொரு கட்டுரையும் எழுதினார்கள். கேள்வியை விடாமல் துரத்தியிருக்கிறார்கள் என்பதற்காகவே மேசனை எனக்குப் பிடிக்கும். ஆனால் விடை வர அறுபது வருஷத்துக்கு மேல் ஆனது. பெங்களூரில் நிறைய வேலை நடந்தது. 1998-ல் சோரஸ், பியர்ஸ், ஓ'டே, ஷெட்டி ஆகியோர் இந்தியா, ஆஸ்திரேலியா தரவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கொழுப்பில்லாத எடையைக் கணக்கில் சேர்த்தார்கள். இன வித்தியாசம் காணாமல் போயிற்று. நம் ஊர்ப் பெண்ணின் நெருப்பு மந்தமாக இல்லை, அடுப்புதான் சின்னது.

இதை இங்கே இழுத்ததற்குக் காரணம் உண்டு. நடுவயசு விவாதத்தில் நடப்பதும் இதே குழப்பம்தான். அதோடு, நம் பெண்கள் இருபது வயதிலேயே சின்ன அடுப்போடு ஆரம்பிக்கிறார்கள் என்பதும் கணக்கில் வர வேண்டும். 2004-ல் லான்செட்டில் புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் சேர்ந்து நிற்கும் ஒரு புகைப்படம் வந்தது. இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2. இருவரும் ஆண்கள், இரண்டே பேர். அதனால் அதை ஆதாரம் என்று சொல்ல மாட்டேன், உதாரணம் என்று சொல்வேன். எடையும் உயரமும் ஒன்றாக இருக்கும்போதே உள்ளே இருக்கும் சரக்கு இவ்வளவு வேறாக இருக்க முடியும்.

இனி எனக்கு முக்கியமாகப் படுகிற பேப்பர். அமெரிக்காவில் 'ஸ்வான்' என்ற பெயரில் ஒரு நீண்ட ஆய்வு 1996-ல் தொடங்கியது. 42 முதல் 52 வயதுக்குள் இருந்த, இன்னும் மாதவிடாய் நிற்காத 3,302 பெண்களைச் சேர்த்து, அதே பெண்களை வருஷா வருஷம் கூப்பிட்டு அளந்தார்கள். அதில் ஒரு பகுதியினருக்கு டெக்ஸா ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பு அடர்த்தி பார்க்க எடுப்பார்களே, அதே கருவி; கொழுப்பையும் தசையையும் தனித்தனியாகப் பிரித்துச் சொல்லும். கெயில் கிரீன்டேலும் கூட்டாளிகளும் 2019-ல் அதன் முடிவை வெளியிட்டார்கள். இதில் செய்த புத்திசாலித்தனம், வரைபடத்தின் கிடைக்கோட்டில் வயதைப் போடவில்லை. கடைசி மாதவிடாயைப் பூஜ்யம் என்று வைத்து, அதற்கு முன்னும் பின்னும் எத்தனை வருடம் என்று போட்டார்கள். ஒருவருக்கு 45-ல் நிற்கும், இன்னொருவருக்கு 53-ல் நிற்கும். வயதை வைத்துச் சராசரி எடுத்தால் வளைவு முழுக்க மழுங்கிவிடும். நாங்கள் லாக் பார்க்கும்போதும் கடிகார நேரத்தை விட்டுவிட்டு, ரிலீஸ் போன நேரத்தைப் பூஜ்யமாக வைத்துப் பார்ப்போம். அப்போதுதான் என்ன உடைந்தது என்று தெரியும்.

அப்படிப் பார்த்ததும் தெரிந்தது இதுதான். கடைசி மாதவிடாய்க்குச் சுமார் இரண்டு வருடம் முன்பு கொழுப்பு சேரும் வேகம் இரட்டிப்பாகிறது. அதே சமயம் அதுவரை மெல்ல ஏறிக்கொண்டிருந்த கொழுப்பில்லாத எடை இறங்க ஆரம்பிக்கிறது. கடைசி மாதவிடாய்க்கு இரண்டு வருடம் பின்பு வரை இப்படியே போய், அப்புறம் இரண்டு கோடுகளும் தட்டையாகின்றன. கிட்டத்தட்ட நான்கு வருட ஜன்னல்.

எடை? எடைக் கோட்டில் இந்த ஜன்னலில் எந்தத் திருப்பமும் இல்லை. முன்பு எந்தச் சாய்வில் ஏறியதோ அதே சாய்வில் ஏறுகிறது, ஜன்னல் முடிந்ததும் தட்டையாகிறது.

இதை நான் மூன்று முறை திரும்பப் படித்தேன். உள்ளே கொழுப்பு வேகம் எடுக்கிறது, தசை இறங்குகிறது, ஒன்றை ஒன்று ஈடுகட்டுவதால் மிஷினில் ஏறி நின்றால் ஒன்றுமே தெரியாது. உடம்பு மாறும் அந்த நான்கு வருடத்தில் எடை மிஷின் ஒரு சாட்சியாகக்கூடத் தேறாது. "மெனோபாஸ் வந்ததும் வெயிட் ஏறிடுச்சு" என்ற பேச்சும் சரியில்லை, "வெயிட் ஏறல, அதனால ஒண்ணும் ஆகல" என்ற ஆறுதலும் சரியில்லை.

கூடவே கொழுப்பின் இடமும் மாறுகிறது. ஈஸ்ட்ரோஜன் இருக்கும் வரை தொடை, இடுப்புப் பக்கம் தோலுக்கு அடியில் சேர்ந்தது, அது குறையக் குறைய வயிற்றுக்குள் ஈரலையும் குடலையும் சுற்றிச் சேர்கிறது. ஜெனிஃபர் லவ்ஜாய் குழு 2008-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. அந்த ஆய்வு இன்னொன்றும் சொன்னது: எரிப்பும் குறைந்தது. பான்ட்ஸர் கோடு தட்டை, லவ்ஜாய் கோடு இறக்கம். முரண்பாடு மாதிரி இருக்கும். பான்ட்ஸர் பல வயதுக்காரர்களை ஒரு சமயத்தில் பார்த்தவர், கொழுப்பில்லாத எடைக்குச் சரிசெய்தவர். லவ்ஜாய் சில பெண்களையே நான்கு வருடம் தொடர்ந்தவர். அவர்களுடைய உடல் அசைவும் மாதவிடாய் நிற்பதற்கு முன்பே குறையத் தொடங்கியதைப் பார்த்தவர். இரவில் உடம்பு கொதித்து எழுந்து, வியர்த்து, இரண்டு மணிக்கு ஃபேனைக் கூட்டி வைத்துப் படுக்கிற பெண் மறுநாள் எவ்வளவு அசைவாள்? இதற்கு மெட்டபாலிசம் என்று ஒரே பெயர் வைத்து மூடிவிட முடியாது.

அப்படியானால் "தசை போச்சு, அதனால எரிப்பு போச்சு, அதனால குண்டாயிட்டோம்" என்ற ஜிம் விளம்பர வாதம் சரியா? கணக்குப் போட்டால் அதுவும் நொண்டுகிறது. ஓய்வில் இருக்கும் ஒரு கிலோ தசை ஒரு நாளைக்கு எரிப்பது 13 கலோரி போல. ஒரு கிலோ ஈரல் 200, இதயமும் சிறுநீரகமும் 440. இரண்டு கிலோ தசை போனால் நஷ்டம் 26 கலோரி. பாதி இட்லி. தசையின் மதிப்பு அங்கே இல்லை. சாப்பிட்ட சாதம் சர்க்கரையாகி ரத்தத்தில் வரும்போது, இன்சுலின் சொல்படி அதில் பெரும்பகுதியை வாங்கி வைத்துக்கொள்ளும் கிடங்கு தசைதான். கிடங்கு சுருங்குகிறது, ஈரலைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது, மூன்று வேளைச் சாதம் மட்டும் அப்படியே வருகிறது. நம் ஊர்ப் பெண்ணுக்கு இந்த வயசில் இருக்கும் நிஜமான ஆபத்து, ஜாக்கெட் பிடிக்கிறதில் இல்லை, இங்கே இருக்கிறது.

ஆப் பக்கம் வருகிறேன், இது என் பேட்டை. போனில் இருக்கும் கலோரி ஆப்கள் பலவற்றுக்குள்ளும் ஓடுவது மிஃப்லின் சூத்திரம், 1990. எடை பெருக்கல் 10, உயரம் பெருக்கல் 6.25, வயது பெருக்கல் 5 கழி, பெண் என்றால் 161 கழி. 155 செ.மீ., 62 கிலோ, 48 வயது என்றால் 1,188 கலோரி. அதே பெண்ணுக்கு 38 வயதில் 1,238. வித்தியாசம் 50. மாதவிடாய் நின்றதா, தசை எவ்வளவு, எதுவும் கேட்பதில்லை. 498 பேரிடம் எடுத்த நேர்க்கோடு, 19 வயதிலிருந்து 78 வரை ஒரே சாய்வு. இந்த மாதிரி சூத்திரம் ஒரு தனி ஆளுக்கு 10 சதவீதம் முன்னே பின்னே போவது சகஜம், அதாவது 120 கலோரி. ஆனால் திரையில் 1,188 என்று கடைசி இலக்கம் வரை காட்டுவார்கள்.

இப்போது எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். நடுவயதில் வருடத்துக்கு அரை கிலோவிலிருந்து முக்கால் கிலோ ஏறுகிறது என்று வைப்போம். ஒரு கிலோ கொழுப்பு 7,700 கலோரி. 0.7 கிலோவை 365 நாளால் வகுத்தால் தினம் 15 கலோரி. ஒரு டீஸ்பூன் சர்க்கரை. (எடை ஏற ஏற எரிப்பும் ஏறுவதால் நிஜமான இடைவெளி இதைவிடப் பெரிசாக இருக்கும். இருந்தாலும் ஒரே வருடத்தில் இந்தப் பிழைக் கோட்டைத் தாண்டாது.) 120 கலோரி இரைச்சலுக்குள் 15 கலோரி சிக்னலைத் தேடச் சொல்லி, கிடைக்கவில்லை என்றால் "நீங்க சரியா என்ட்ரி போடலை" என்று நோட்டிஃபிகேஷன் அனுப்பும் பொருளை நான் எழுதியிருந்தால் கோட் ரிவ்யூவிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

சரி, இதெல்லாம் வெளிநாட்டுத் தரவு. ஸ்வானில் வெள்ளையர், கறுப்பர், ஹிஸ்பானிக், சீன, ஜப்பானிய வம்சப் பெண்கள் உண்டு, இந்தியர் என்று ஒரு பிரிவு கிடையாது. நம் தரவு எங்கே?

தேசிய குடும்ப நல சர்வேயின் ஐந்தாம் சுற்று, 2019-21. தமிழ்நாட்டில் பி.எம்.ஐ. 25-ஐத் தொட்ட அல்லது தாண்டிய பெண்கள் 40.4 சதவீதம், அதற்கு முந்தைய சுற்றில் 30.9. இந்தியா முழுவதும் 24. இந்த எண்கள் பேப்பரில் தலைப்பாக வந்தன, டிவியில் பேசினார்கள். யாரும் சொல்லாதது: இது 15 முதல் 49 வயதுப் பெண்களின் கணக்கு. கர்ப்பம், பிரசவம், கருத்தடை பற்றிய சர்வேயாகப் பிறந்ததால் 49-ல் பெண்ணை இறக்கிவிடுகிறது. ஆண்களை 54 வரை எடுக்கிறார்கள். இந்தச் சுற்றில்தான் முதன்முறையாக இடுப்புச் சுற்றளவும் எடுத்தார்கள். நல்ல முடிவு, ஆனால் அதுவும் பெண்களுக்கு 49-ல் நின்றுவிடுகிறது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் 15 வயதுக்கு மேல் எல்லாருக்கும் எடுத்திருக்கிறார்கள். ஆக 55 வயதுப் பெண்ணின் சர்க்கரை தெரியும், அவள் இடுப்பு தெரியாது. இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது சராசரியாக 46, 47 வயதில். மேலே சொன்ன நான்கு வருட ஜன்னல் சராசரியாக மூடுகிற சமயத்திலேயே சர்வேயும் கதவைச் சாத்திவிடுகிறது.

45 வயதுக்கு மேல் லாசி என்ற முதுமை சர்வே இருக்கிறது, 2017-18-ல் முதல் சுற்று. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். இடுப்பளவு, கைப்பிடி வலு எல்லாம் எடுத்தார்கள். நல்ல வேலை, மறுக்கவில்லை. ஆனால் ஒரு சர்வே வாசல் வரை கொண்டுவிடுகிறது, இன்னொரு சர்வே வேறு ஒரு பெண்ணை வாசலுக்கு அந்தப் பக்கம் அளக்கிறது. ஒரே பெண் வாசலைத் தாண்டும்போது என்ன ஆனது என்று கேட்டால் இரண்டு பட்டியலையும் ஜாயின் செய்யப் பொதுவான சாவி இல்லை.

இவ்வளவு குறை சொன்ன பிறகு, நம் ஊரிலேயே உருப்படியாகச் செய்த ஒன்றைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. சென்னையில் டாக்டர் மோகனின் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் 2005-ல் ஒரு மதிப்பெண் அட்டை வெளியிட்டது. சென்னையில் அவர்கள் நடத்திய பெரிய ஆய்விலிருந்து எடுத்தது. மொத்தம் நான்கே கேள்வி. வயது 35-க்குக் கீழ் என்றால் 0, 35 முதல் 49 வரை 20, ஐம்பதிலிருந்து 30. பெண்ணின் இடுப்பு 80 செ.மீ.க்குக் கீழ் 0, 80 முதல் 89 வரை 10, தொண்ணூறிலிருந்து 20. உடற்பயிற்சியும் கடின வேலையும் இருந்தால் 0, ஒன்று மட்டும் இருந்தால் 20, இரண்டும் இல்லையென்றால் 30. பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை இருந்தால் 10, இருவருக்கும் என்றால் 20. அறுபது வந்தால் ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

எடை இல்லை. பி.எம்.ஐ. இல்லை. ஒரு இன்ச் டேப் போதும். 51 வயது, இடுப்பு 85, வீட்டுக்குள்ளேயே இருப்பவர், அம்மாவுக்குச் சர்க்கரை: 30, 10, 30, 10, ஆக 80. இந்தப் பெண்ணின் எடை 54 கிலோவாக இருக்கலாம், "நீங்க ஸ்லிம்மாத்தானே இருக்கீங்க" என்று எல்லாரும் சொல்லியிருக்கலாம். மாதிரி என்று பார்த்தால் மிஃப்லின் சூத்திரத்தைவிட இந்த அட்டை எனக்கு மேலானது. எதை அளக்க முடியுமோ அதை மட்டும் கேட்கிறது, பதிலும் "டெஸ்ட் எடு, எடுக்காதே" என்ற அளவில் நிற்கிறது.

குறையும் உண்டு. வயது 49-க்கும் 50-க்கும் நடுவில் பத்து மதிப்பெண் குதிக்கிறது. மாதவிடாய் 44-ல் நின்ற பெண்ணுக்கும் கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்துவிட்ட 40 வயதுப் பெண்ணுக்கும் அட்டையில் தனி இடமில்லை. கடின வேலை என்ற கேள்விக்கு நம் வீட்டுப் பெண்கள் "நாள் பூரா வேலைதான்" என்பார்கள். அம்மி, ஆட்டுக்கல், கிணறு இருந்த காலத்தில் அது உண்மை. கிரைண்டரும் மோட்டாரும் லிஃப்டும் வந்த ஃபிளாட்டில் நாள் பூரா நின்றுகொண்டிருப்பது களைப்பு தரும், தசைக்கு அது வேலை இல்லை.

அரசுத் திட்டத்திலும் 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வீடு வீடாக நிரப்பும் படிவத்தில் இடுப்பளவு கேள்வி இருக்கிறது, பெண்களுக்கு 80, 90 என்று அதே எல்லைகள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். கருவி, ஆள், படிவம் எல்லாம் வந்துவிட்டன. என் விமர்சனம் ஒன்றுதான்: அந்த இடுப்பளவு ஒருமுறை மதிப்பெண் போட்டுவிட்டு மறக்கும் எண்ணாக இருக்கக் கூடாது. போன வருடம் 78, இந்த வருடம் 83 என்பதுதான் செய்தி. 83 மட்டும் செய்தியில்லை.

இனி ஸ்ரீரங்கத்துச் சாப்பாட்டுத் தட்டு. நடுவயதுப் பெண் எங்கே போனாலும் கிடைக்கும் அறிவுரை "சாதத்தைக் குறைங்க, நடங்க". பாதி நல்ல அறிவுரை. ஐ.சி.எம்.ஆர். பரிந்துரை ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் புரதம். 60 கிலோ என்றால் 50 கிராம். சைவத் தட்டைக் கூட்டிப் பாருங்கள். காலையில் நான்கு இட்லி, உளுந்தும் அரிசியுமாக எட்டு ஒன்பது கிராம். இரண்டு காபியில் பால் வழியாக ஆறு. மத்தியானம் குழம்பிலும் சாத்தமுதிலும் சேர்த்து முப்பது கிராம் துவரம்பருப்பு இருந்தால் ஆறேழு கிராம், அதுவும் அடியில் தங்கினது யாருக்குப் போகிறது என்பதைப் பொறுத்தது. இரண்டு வேளை அரிசி பத்துப் பன்னிரண்டு, தயிர் ஆறு, காய்கறி மூன்று நான்கு. நாற்பதை ஒட்டி நிற்கும். இப்போது சாதத்தையும் இட்லியையும் பாதியாக்கி வேறு எதையும் சேர்க்காமல் விட்டால் முப்பதுக்குக் கிட்டே வரும். கூடவே ஏகாதசி, சஷ்டி, சனிக்கிழமை ஒருவேளை. தசை தானாகவே இறங்கும் அந்த நான்கு வருடத்தில், தசைக்கான சரக்கையும் குறைத்துவிட்டு, மிஷினில் இரண்டு கிலோ இறங்கியதைக் கொண்டாடுகிறோம். இறங்கியதில் எது எவ்வளவு என்று மிஷினுக்குத் தெரியாது.

விரதத்தைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. விரதம் இருப்பவர்கள் பாரணைக்கு என்ன சாப்பிடுகிறார்கள் என்பதில்தான் என் அக்கறை. சுண்டல், பாசிப்பருப்பு, தயிர், பால், பன்னீர், முட்டை சாப்பிடுபவர்களுக்கு முட்டை. சாதம் குறையும் இடத்தில் இதில் ஒன்று ஏறினால் கணக்கு நேராகிவிடும். கிட்னி தொந்தரவு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

நடையும் அப்படித்தான். வீதி சுற்றுவது சர்க்கரைக்கும் தூக்கத்துக்கும் மனசுக்கும் நல்லது. ஆனால் சமதரையில் பேசிக்கொண்டே நடப்பது தொடைத் தசைக்குப் பெரிய சுமை இல்லை. தரையில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுந்திருப்பது, இரண்டு மாடி படியேறுவது, தண்ணீர்க் குடத்தைத் தூக்குவது எல்லாம் சுமை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மலைக்கோட்டையில் நானூறுக்கும் மேற்பட்ட படிகள் இருக்கின்றன; முட்டி ஒத்துழைப்பவர்களுக்குத் திருச்சியில் இதைவிட மலிவான ஜிம் கிடையாது. இறங்கும்போது மெதுவாக.

டேப்பை வைக்கும் இடம் பற்றி ஒரு வார்த்தை. கேட்டவர்களில் பலரும் பாவாடை நாடா கட்டும் இடத்தைத்தான் இடுப்பு என்று அளக்கிறார்கள். வருஷக்கணக்காக நாடா இறுக்கி அங்கே ஒரு பள்ளம் விழுந்திருக்கும், இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறைவாகக் காட்டும். பக்கவாட்டில் கடைசி விலா எலும்பைத் தொடுங்கள், அதே பக்கம் இடுப்பெலும்பின் மேல் விளிம்பைத் தொடுங்கள், இரண்டுக்கும் நடுவில் டேப். தோல்மேல், இறுக்காமல், சாதாரணமாக மூச்சை வெளியே விட்டதும் படிக்க வேண்டும். காலையில் சாப்பிடுவதற்கு முன். தேதியோடு எழுதி வையுங்கள், பக்கத்திலேயே கடைசி மாதவிடாய்த் தேதியையும். அந்த இரண்டாவது தேதிக்கு மேலே சொன்ன எந்த அட்டையிலும் இன்னும் கட்டம் போடவில்லை.